ராத்திரியில் மட்டும் பின்தங்கிய கடிகாரங்கள்: ஒரு நிகழ்வு ஆய்வு

## பின்னணி

ஒரு சிறிய மென்பொருள் குழு ஒரே மாடல் மினி டெஸ்க்டாப்களை மொத்தமாக வாங்கி, எல்லாவற்றிலும் லினக்ஸ் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தது. உள்ளே இருந்தது லேப்டாப் வகை ப்ராசசர், அதாவது சும்மா இருக்கும்போது மின்சாரத்தை நன்றாக மிச்சம் பிடிக்கிற ரகம். ராத்திரியில் யாரும் மெஷினை அணைப்பதில்லை. வீட்டிலிருந்து உள்ளே நுழைந்து வேலை பார்ப்பவர்கள் இருந்தார்கள், காலையில் வந்ததும் விட்ட இடத்தில் தொடரலாம் என்ற வசதியும் இருந்தது. நேரத்துக்காக ஒவ்வொரு மெஷினிலும் கடிகாரத்தைச் சர்வரோடு ஒத்திசைக்கும் என்டிபிடி நிரல், உள்ளுக்குள்ளேயே ஒரு நேர சர்வர். ஒரு வருஷத்துக்கு மேல் கடிகாரத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. அப்படித்தான் இருக்க வேண்டும்.

அப்புறம் தயாரிப்பாளரிடமிருந்து பயாஸுக்கு, அதாவது மெஷினைக் கிளப்பும் அடிப்படை மென்பொருளுக்கு, ஒரு அப்டேட் வந்தது. பாதுகாப்பு ஓட்டைகளை அடைப்பதற்கானது, தள்ளிப்போட முடியாது. குறிப்பில் கடைசி வரியாக 'மின் சேமிப்பு மேம்பாடு' என்று ஒன்று இருந்தது. அதை யார்தான் படிப்பார்கள்? எல்லா மெஷினிலும் அப்டேட் போட்டாகிவிட்டது.

## முதல் அறிகுறிகள்

புகார்கள் எதுவும் 'கடிகாரம் தப்பு' என்று வரவில்லை. அதுதான் இந்த வகைப் பிரச்சினையின் குணம், வேறு ஏதோ ஒன்றின் வேஷத்தில்தான் வரும். ஒருவருக்குப் பொதுச் சேமிப்பில் இருக்கும் நிரலைத் தொகுக்கும்போது, கோப்பின் நேரம் எதிர்காலத்தில் இருக்கிறது, தொகுப்பு முழுமையாக இல்லாமல் போகலாம் என்று மேக் (make) என்ற தொகுப்புக் கருவி எச்சரித்தது. இன்னொருவருக்குக் காலையில் லாகின் விழவே இல்லை. லாகினைச் சரிபார்க்கும் கெர்பெரோஸ் வழக்கமாக 5 நிமிட வித்தியாசம் வரைதான் பொறுத்துக்கொள்ளும், அதைத் தாண்டினால் கடவுச்சொல் சரியாக இருந்தாலும் உள்ளே விடாது. மூன்றாமவருக்கு, அன்று காலைதான் புதுப்பித்த உள் சான்றிதழைப் பிரவுசர் 'இன்னும் செல்லுபடியாகத் தொடங்கவில்லை' என்று மறுத்தது. ஒவ்வொன்றும் தனித்தனி டிக்கெட்டாக, தனித்தனி ஆளிடம் போனது.

மூன்றையும் ஒருவர் எதேச்சையாக ஒன்றாகப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. மெஷின்களின் நேரம் பின்தங்கியிருந்தது, அதுவும் சில நொடிகள் இல்லை. சிலவற்றில் கால் மணி நேரத்துக்கும் மேல், வார இறுதிக்குப் பிறகு சிலவற்றில் மணிக்கணக்கில். மெஷினை ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும், மறுநாள் காலை மறுபடியும் அதே கதை.

## முதல் முடிவு: பேட்டரி

நேரம் தப்பினால் மதர்போர்டில் இருக்கும் பட்டன் பேட்டரியை மாற்று என்பது பழைய பாடம், எல்லோருக்கும் மனப்பாடம். சிஆர்2032, 3 வோல்ட், கழற்றி மாட்ட சில நிமிடம். உதவிப் பிரிவு அதையே செய்தது. மலிவான, ஆபத்தில்லாத நடவடிக்கை என்பதால் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் காரணம் பொருந்தவில்லை. அந்த பேட்டரிக்கு வேலை வருவது மெஷினுக்கு மின்சாரமே இல்லாதபோதுதான். இந்த மெஷின்கள் ராத்திரி முழுக்க மின்சாரத்தோடு, ஓடிக்கொண்டே பின்தங்கின.

இங்கே கொஞ்சம் நின்று விளக்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் கம்ப்யூட்டருக்குள் ஒரே கடிகாரம் இருக்கிறது என்று நினைத்தால் மேற்கொண்டு எதுவும் புரியாது. பேட்டரியில் ஓடுவது ஆர்டிசி. அதன் கிரிஸ்டல் நொடிக்கு 32,768 தடவை அதிரும், 2-ஐ 15 தடவை பெருக்கினால் வரும் எண், பாதி பாதியாக வகுத்துக்கொண்டே போனால் சரியாக ஒரு நொடி கிடைக்கும். லினக்ஸ் பூட் ஆகும்போது இந்தக் கடிகாரத்தை ஒரு தடவை படித்துக்கொள்ளும். அதன் பிறகு அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காமல், வேறு ஒரு எண்ணியைப் பார்த்துத் தானே நேரத்தை நகர்த்தும். அந்த எண்ணி மூன்றில் ஒன்றாக இருக்கலாம். ப்ராசசருக்குள்ளேயே இருக்கும் டிஎஸ்சி, சிப்செட்டில் இருக்கும் எச்பிஇடி, இல்லாவிட்டால் 3.579545 மெகாஹெர்ட்ஸில் ஓடும் ஏசிபிஐ பிஎம் டைமர். வேகமாகப் படிக்க முடிவது டிஎஸ்சி என்பதால் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்கு முதல் விருப்பம் அது, அதற்கடுத்து எச்பிஇடி, அதற்கும் அடுத்து பிஎம் டைமர்.

ஆக, ஓடும் மெஷினில் நேரம் தப்பினால் முதலில் பார்க்க வேண்டியது அது எந்த எண்ணியில் ஓடுகிறது என்பதை.

பேட்டரி மாற்றியதில் ஒரு மெஷின் மட்டும் உண்மையிலேயே பயனடைந்தது. பிளக்கைப் பிடுங்கி மாட்டும்போதெல்லாம் ஃபர்ம்வேரின் ஆரம்பத் தேதிக்கே போய்விடுகிற மெஷின் அது, அதன் பேட்டரி நிஜமாகவே தீர்ந்திருந்தது. அந்த ஒரு வெற்றியால் மற்ற மெஷின்களிலும் பேட்டரிதான் குற்றவாளி என்ற நம்பிக்கை இன்னும் சில நாள் உயிரோடு இருந்தது.

## கவனித்தவை

மெஷின்களின் பதிவுகளில், அதாவது லாகில், இரண்டு விஷயங்கள் கிடைத்தன. ஒன்று, காலையில் என்டிபிடி செத்துக் கிடந்தது. கடைசி வரியில், வித்தியாசம் தன் வரம்பைத் தாண்டிவிட்டது, கடிகாரத்தைக் கையால் சரிசெய்யுங்கள் என்று சொல்லிவிட்டு வெளியேறியிருந்தது. இது பழுதில்லை, அதன் இயல்பே அப்படி. 500 பிபிஎம் (பத்து லட்சத்தில் 500 பங்கு) வரைதான் அது வேகத்தைத் திருத்தும், அதாவது நாளுக்கு 43.2 நொடி. அதற்கு மேல் என்றால் தாவிச் சரிசெய்யப் பார்க்கும், வித்தியாசம் 1,000 நொடியைத் தாண்டிவிட்டால் கையை விரித்துவிடும். தொடங்கும்போது மட்டும் ஒரே ஒரு தடவை எவ்வளவு பெரிய வித்தியாசத்தையும் ஏற்றுக்கொள்ளும்படி அமைத்திருந்தார்கள், ரீஸ்டார்ட் செய்தால் எல்லாம் சரியானதற்குக் காரணம் அதுதான்.

இரண்டாவது, கர்னல் லாகில் ஒவ்வொரு ராத்திரியும் மெஷின் சும்மா ஆன கொஞ்ச நேரத்தில் ஒரு வரி விழுந்திருந்தது. டிஎஸ்சி நிலையாக இல்லை, வித்தியாசம் மிக அதிகம், அதனால் எச்பிஇடிக்கு மாறுகிறேன் என்று. இதைப் படித்ததும் குழுவில் எல்லோரும் சொன்னது 'டிஎஸ்சி கெட்டுப்போச்சு' என்பதுதான். கர்னலே சொல்லிவிட்டது, அப்புறம் என்ன சந்தேகம்?

சந்தேகத்துக்கு ஒரு எண் போதும். கர்னலில் இருக்கும் கண்காணிப்பு அரை நொடிக்கு ஒரு தடவை டிஎஸ்சியையும் எச்பிஇடியையும் ஒப்பிடும். அந்த கர்னல் பதிப்பில் 62.5 மில்லி செகண்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால்தான் டிஎஸ்சியைத் தள்ளிவைக்கும். அரை நொடியில் 62.5 மில்லி செகண்ட் என்றால் நூற்றுக்கு பன்னிரண்டரை, பிபிஎம் கணக்கில் 1,25,000. சாதாரண கடிகாரக் கிரிஸ்டலின் பிழை சுமார் 20 பிபிஎம், நாளுக்கு ஒன்றே முக்கால் நொடி. சூட்டில், வயதில் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். மதர்போர்டு கிளப்பும் மின்காந்த இரைச்சலைக் குறைக்க அதிர்வெண்ணைப் பரப்பிவிடும் அமைப்பு இருக்கிறதே, 0.5 சதவீதம் கீழ்நோக்கிப் பரப்பினால் சராசரி 0.25 சதவீதம் குறையும், அதுகூட 2,500 பிபிஎம்தான், நாளுக்கு மூன்றரை நிமிடம் சொச்சம். அதோடு அது பகலிலும் தெரிந்திருக்க வேண்டும். நூற்றுக்குப் பன்னிரண்டுக்கு மேல் ஒரு கிரிஸ்டல் தவறாது. இந்த அளவுக்கு நேரம் காணாமல் போகிறது என்றால் எங்கோ ஒரு எண்ணி மெதுவாக ஓடவில்லை, எண்ணுவதையே நடுநடுவே நிறுத்துகிறது. டிஎஸ்சியா எச்பிஇடியா என்பதுதான் கேள்வி, அதைக் கர்னலின் வரி சொல்லாது. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும், குற்றத்தை டிஎஸ்சி தலையில் போடுவது அதன் வழக்கம்.

வழக்கத்துக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. பழைய இரட்டைக் கோர் ப்ராசசர்களில் ஒவ்வொரு கோருக்கும் டிஎஸ்சி தனித்தனியாக ஓடி, தூங்கும்போது நின்று, வேகம் மாறும்போது கூடவே மாறி, நேரமே பின்னோக்கிப் போன கூத்தெல்லாம் நடந்திருக்கிறது. ஆனால் 2008 வாக்கில் வந்த தலைமுறையிலிருந்து டிஎஸ்சி ஒரே சீராக, ஆழ்ந்த தூக்கத்திலும் நிற்காமல் ஓடுகிறது. ப்ராசசர் தன் வசதிகளைச் சொல்லும் பட்டியலைப் பார்த்தால் 'மாறாதது', 'நிற்காதது' என்று இரண்டும் இருக்கும். இந்த மெஷின்களில் இரண்டும் இருந்தன.

மெஷின்களுக்கு நடுவே இருந்த வித்தியாசமும் உதவியது. பில்டு நிலவரத்தைச் சுவரில் காட்டிக்கொண்டிருந்த மெஷின் ஒன்று, அதன் திரை அணைவதே இல்லை. அதே மாடல், அதே பயாஸ், ஒரு நொடிகூடத் தப்பவில்லை. மற்றவற்றில் திரை அணைந்த பிறகுதான் பின்தங்கல் ஆரம்பமானது. ஒருவர் நேர வித்தியாசத்தைப் பதிவு செய்ய ஒரு ஸ்கிரிப்டை இடைவிடாமல் ஓட விட்டபோது அந்த மெஷினில் பிரச்சினையே காணோம். அளக்கப் போனதால் மெஷின் தூங்கவில்லை, தூங்காததால் நேரம் தப்பவில்லை. இந்த மாதிரிப் பிரச்சினையில் அளவிடும் முறையே நோயை மறைத்துவிடும் என்பதை இங்கே கவனித்து வைத்துக்கொள்வது நல்லது.

## சோதனையும் அதன் காரணமும்

திரை அணைவதோடு சம்பந்தம் என்றதும் பார்வை ப்ராசசரின் தூக்க நிலைகளுக்குப் போனது. தனித்தனி கோர் தூங்குவது ஒரு படி. எல்லாக் கோரும் தூங்கி, திரையும் அணைந்து, சிப் முழுவதுமே ஒன்றாக ஆழ்ந்து போவது பேக்கேஜ் சி10. டர்போஸ்டாட் கருவியில் ஒவ்வொரு பேக்கேஜ் நிலையிலும் எத்தனை சதவீத நேரம் இருந்தது என்று பார்க்கலாம். புதிய பயாஸில் திரை அணைந்ததும் சி10-இல் கணிசமான நேரம் கழிந்தது. ஒரே ஒரு மெஷினில் பழைய பயாஸைத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள், அதில் சி10 பூஜ்யம், நேரமும் தப்பவில்லை. மின் சேமிப்பு மேம்பாடு என்று ஒரு வரியில் போனது இதுதான். முன்பு ஆழமில்லாத நிலையோடு நிறுத்தி வைத்திருந்த வரம்பைத் திறந்துவிட்டிருந்தார்கள்.

இங்கேயே நிறுத்திவிட்டு 'பயாஸ் தப்பு, பழையதே இருக்கட்டும்' என்று முடித்திருக்கலாம், குழுவில் ஒருவர் அதைத்தான் சொன்னார். மற்றவர்கள் ஏற்கவில்லை. பழைய பயாஸில் பாதுகாப்பு ஓட்டைகள் திறந்தே இருக்கும் என்பது ஒன்று. ஆழ்ந்து தூங்குவது தப்பே இல்லை, அதற்காக வடிவமைத்த சிப் அது என்பது இன்னொன்று. தூக்கத்தில் எண்ண மறந்தது யார் என்று தெரியாமல் தூக்கத்தை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

அதனால் ஒரு மெஷினைத் தனியாக எடுத்து, முதலில் என்டிபிடியை நிறுத்தினார்கள். இதற்குக் காரணம் உண்டு. நேரம் ஒத்திசைந்திருக்கிறது என்று கர்னல் நம்பும் வரை 11 நிமிடத்துக்கு ஒரு தடவை தன் நேரத்தை ஆர்டிசியில் எழுதிக்கொண்டே இருக்கும். அதை நிறுத்தாவிட்டால் ஆர்டிசி சாட்சியாக நிற்காது, தப்பான நேரத்தையே அதுவும் ஒப்பிக்கும். அடுத்து, கண்காணிப்பு குறுக்கிட்டு டிஎஸ்சியை மாற்றிவிடாதபடி, டிஎஸ்சியை நம்பச் சொல்லும் பூட் அமைப்போடு மெஷினைக் கிளப்பினார்கள். ஒருமுறை நிலையற்றது என்று தள்ளிவிட்டால் அது பட்டியலிலேயே இருக்காது என்பதால் ஓடும்போது மாற்றிக்கொள்ளும் வழி இல்லை. பிறகு மூன்று எண்ணிகளையும் மாற்றி மாற்றி, ஒவ்வொன்றிலும் திரையை அணைத்து மெஷினைத் தொடாமல் சில மணி நேரம் விட்டு, தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் நேர சர்வரோடும் ஆர்டிசியோடும் ஒப்பிட்டார்கள். நடுவில் எந்த ஸ்கிரிப்டும் கிடையாது.

டிஎஸ்சியில் ஓடியபோது வித்தியாசம் ஒரு நொடிக்கும் உள்ளே. பிஎம் டைமரிலும் அப்படியே. ஆர்டிசியும் சர்வரோடு ஒத்துப்போனது. எச்பிஇடியில் ஓடியபோது மட்டும் ஒவ்வொரு மணி நேரத்திலும் பெரும் துண்டு காணாமல் போயிருந்தது. சி10-இல் இருக்கும்போது இந்த மெஷின்களில் எச்பிஇடி எண்ணுவதில்லை.

கதை இப்போது தலைகீழாகிவிட்டது. ஒழுங்காக எண்ணிக்கொண்டிருந்தது டிஎஸ்சி, தூங்கிப்போனது எச்பிஇடி. ஆனால் காவல் வேலை எச்பிஇடியிடம் இருந்தது. தூங்கி எழுந்த காவலாளி, விழித்திருந்தவனைப் பார்த்து நீதான் தப்பாக எண்ணுகிறாய் என்று வெளியே தள்ளி, அவன் நாற்காலியில் தானே உட்கார்ந்துகொண்டான். அதன் பிறகு மெஷின் தூங்கும் ஒவ்வொரு நிமிடமும் கணக்கில் விழாமல் போனது.

இது புதிய கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை, கர்னல் வட்டாரத்தில் நன்றாகத் தெரிந்த விஷயம். இன்டெலின் பே ட்ரெயில் சிப் தலைமுறையில் முதலில், அப்புறம் 2019-இல் சில காஃபி லேக் மெஷின்களிலும் இதே காரணத்துக்காக எச்பிஇடியை மூடிவிடும் திருத்தங்கள் சேர்ந்தன. ஒவ்வொரு சிப்செட்டாகப் பட்டியலில் சேர்க்கிற முறை அது, பட்டியலில் இல்லாத மெஷின் மாட்டிக்கொள்ளும். 2021-இல் அந்தப் பட்டியல் முறையே வேண்டாம் என்று, சி10 நிலை இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் எச்பிஇடியைப் பயன்படுத்தாதே என்று மாற்றினார்கள். இந்தக் குழுவின் கர்னல் அதற்கு முந்தையது. மெஷினும் பட்டியலில் இல்லை. பழைய பயாஸ் சி10-க்குப் போகாததால் மட்டுமே ஒரு வருஷம் தப்பித்திருந்தார்கள்.

## எடுத்த முடிவுகள்

உடனடியாகச் செய்தது, பயாஸில் பேக்கேஜ் சி நிலை வரம்பைக் குறைத்தது. பூட் அமைப்பை மாற்றுவதைவிட இது எளிது, உதவிப் பிரிவே செய்துவிடலாம். காலையில் லாகின் விழாமல் ஆட்கள் நிற்பது அன்றோடு நின்றது. ராத்திரியில் மெஷின்கள் கொஞ்சம் சூடாக இருந்தன, விசிறிச் சத்தம் கேட்டது, அது தெரிந்தே ஏற்ற விலை.

அடுத்து, எச்பிஇடியையே மூடும் பூட் அமைப்பை இரண்டு மெஷினில் போட்டு, ஆழ்ந்த தூக்கத்தை மறுபடி திறந்து, ஒரு வார இறுதி முழுக்க விட்டார்கள். டிஎஸ்சியிலேயே ஓடின, என்டிபிடி உயிரோடு இருந்தது, அது கணித்த வேகத் திருத்தம் சில பத்து பிபிஎம்முக்குள். ஒரு கிரிஸ்டலிடம் எதிர்பார்க்கக்கூடிய எண் இதுதான்.

டிஎஸ்சியைக் கண்மூடி நம்பச் சொல்லும் அமைப்பை நிரந்தரமாக வைக்கலாமே என்ற யோசனையும் வந்தது. சோதனைக்குப் பயன்படுத்தியதுதானே அது. வேண்டாம் என்று முடிவானது, என் கருத்தில் அது சரியான முடிவு. அந்த அமைப்பு கண்காணிப்பையே எடுத்துவிடுகிறது. நாளைக்கு ஏதோ ஒரு ஃபர்ம்வேர் டிஎஸ்சியின் மதிப்பில் கை வைத்தால் சொல்ல ஆள் இருக்காது, அப்படிக் கை வைத்த ஃபர்ம்வேர்களும் உண்டு, அதைக் கண்டுபிடித்துத் திருத்துவதற்கென்றே கர்னலில் நிரல் பகுதி இருக்கிறது. எச்பிஇடியை மூடினால் கண்காணிப்பு பிஎம் டைமருக்குப் போகும், சோதனையில் அது நன்றாகவே எண்ணியிருந்தது. கெட்ட காவலாளியை மாற்றினால் போதும், காவலையே எடுக்க வேண்டாம்.

தயாரிப்பாளருக்கும் விவரம் எழுதிப் போட்டார்கள். 'பதிவு செய்துகொண்டோம்' என்ற அளவில் ஒரு பதில் வந்தது.

## பின்னர் நடந்தவை

புதிய கர்னலுக்கு எல்லா மெஷினையும் மாற்றிய பிறகு தனி பூட் அமைப்பு தேவைப்படவில்லை. பயாஸ் வரம்பும் பழையபடி தானியங்கிக்குப் போனது, விசிறிகள் அடங்கின. ஒன்றிரண்டு மெஷினில் வரம்பைத் திரும்ப மாற்ற மறந்துபோய், அவை மட்டும் ராத்திரியில் சூடாகவே இருந்ததை வேறு ஒரு வேலைக்காகப் போனவர் கண்டுபிடித்தார். பயாஸ் அமைப்புகளைக் கையால் மாற்றினால் இப்படித்தான், எங்கே எது மாறியது என்பதற்குப் பதிவே இருக்காது. அவசரத்துக்கு வேறு வழி இல்லை, ஆனாலும் மாற்றும்போதே ஒரு பட்டியல் போட்டிருக்கலாம்.

தொகுப்புக் குழப்பங்கள் மட்டும் சில நாள் தொடர்ந்தன. கடிகாரம் சரியாகிவிட்டாலும், பின்தங்கிய நேரத்தில் எழுதிய கோப்புகள் அதே முத்திரையோடு சேமிப்பில் கிடந்தன, எது புதியது எது பழையது என்று மேக் தப்பாகக் கணித்தது. சந்தேகம் உள்ள தொகுப்புகளை முழுவதும் அழித்துவிட்டு முதலிலிருந்து கட்டியதும் அதுவும் நின்றது.

## இனி மாற்றிச் செய்வது

மெஷின்களைக் கவனிக்கும் குழுவின் கண்காணிப்பு அமைப்பில் இரண்டு புதிய சோதனைகள் சேர்ந்திருக்கின்றன. மெஷின் டிஎஸ்சி அல்லாத வேறு எண்ணியில் ஓடினால் எச்சரிக்கை, என்டிபிடியின் வேகத் திருத்தம் 100 பிபிஎம்மைத் தாண்டினால் எச்சரிக்கை. நேரம் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்திருந்தால் காலையில் தப்பு தெரிந்திருக்கும், காரணம் தெரிந்திருக்காது, ஏனென்றால் ரீஸ்டார்ட் செய்த பிறகு பகலில் நேரம் தப்பவே இல்லை. எந்த எண்ணி என்று பார்த்திருந்தால் முதல் ராத்திரியே தெரிந்திருக்கும்.

உதவிப் பிரிவின் கேள்விப் பட்டியலும் மாறியது. நேரம் தப்புகிறது என்று யார் வந்தாலும் முதல் கேள்வி, அணைத்து வைத்தபோது தப்பியதா, ஓடும்போது தப்பியதா. அணைத்து வைத்தபோது என்றால் பேட்டரி. ஓடும்போது என்றால், எவ்வளவு தப்பியது என்ற அடுத்த கேள்வி. நாளுக்குச் சில நொடி என்றால் கிரிஸ்டல், ஒத்திசைவு ஏன் ஓடவில்லை என்று பார்க்க வேண்டும். சரியாக அரை மணி, ஒரு மணி என்ற கணக்கில் தப்பினால் நேர வலயக் குழப்பம், பெரும்பாலும் ஒரே மெஷினில் இரண்டு இயங்குதளம் இருந்து, ஒன்று ஆர்டிசியை உள்ளூர் நேரமாகவும் மற்றது உலகப் பொது நேரமாகவும் எடுத்துக்கொண்டிருக்கும். ஒழுங்கே இல்லாமல் பெரிதாகத் தப்பினால்தான் தூக்க நிலைகளின் பக்கம் போக வேண்டும்.

பயாஸ் அப்டேட் இப்போது முதலில் ஒரே மெஷினில் போகிறது, அது ஒரு வார இறுதி முழுக்கத் திரை அணைந்த நிலையில் சும்மா கிடக்க வேண்டும் என்பது விதி. பழைய கர்னலை விட முடியாத ஒரு மெஷின் மட்டும் மிச்சம் இருக்கிறது, அதன் வேலைக்குத் தேவையான டிரைவர் புதிய கர்னலில் ஏறவில்லை. அதில் எச்பிஇடியை மூடும் பூட் அமைப்பு அப்படியே இருக்கிறது, ஏன் இருக்கிறது, எப்போது எடுக்கலாம் என்ற குறிப்பும் அந்த வரிக்கு மேலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.